நின்ற வண்டியின் சத்தம்

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியது யார், வாங்கிக் கட்டிக்கொண்டது யார் என்பதைத் தைரியம் வந்ததும் சொல்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்: ஒருவர் ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது. சொன்னவருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு முறை தொடங்கிப் பார்த்தேன். முதல் தொடக்கம் இது: "ஷெட்டின் இரும்புக் கதவு மேலே ஏறும்போது எழுந்த ஓசையில் அவருக்கு ஏதோ ஒன்று..." தூக்கிப் போட்டேன். கதவுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டாவது: "மனித உடலும் ஓர் இயந்திரமே." இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன். மூன்றிலிருந்து ஏழு வரை சொல்லும்படியாக இல்லை. எட்டாவது: "காதுக்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது." இதில் பொய் இல்லை. இதிலிருந்தே போகலாம்.

காதுக்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. மண் தடத்தில் பந்தயம் விடுகிற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மெக்கானிக். வீட்டுக்குக் கீழேயே ஷெட். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியை வலது காதுக்குள் அழுத்திக்கொண்டு இன்னொரு நிமிடம் கேட்பார். அதற்குள் நோய் தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து போன் போட்டு, சைலன்சர் பக்கத்தில் போனைப் பிடிக்கிறவர்கள் உண்டு. "கிளட்ச் பக்கத்து ஸீல் போயிருக்கு, கியர் ஆயில் குடிக்குது, கழட்டிப் பாருங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் அதேதான்.*

* "காதுக்காரர்" என்ற பட்டப்பெயர் தடத்தில் ஓட்டுகிறவர்கள் வைத்தது. நானாக இருந்தால் கதைக்கு இவ்வளவு தோதாக ஒரு பெயரை வைத்திருக்க மாட்டேன். வாசகர்கள் சிரிப்பார்கள் என்று பயந்திருப்பேன்.

இன்னொன்று. இந்தப் பிரதியை அவரே படித்தார், கையில் சிவப்புப் பேனாவோடு. அவர் கிறுக்கிய இடங்களைப் பகர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

அந்த வண்டியைக் கொண்டுவந்தவன் ஓர் இளைஞன். முன்கோபி.

(இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஒரு கோளாறு இருக்கிறது. எழுதும்போதே தெரிகிறது. இருக்கட்டும், கதை சூடு பிடிக்கட்டும்.)

"அண்ணே, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் இறங்க மாட்டேங்குது. ஙீஈன்னு அப்படியே நிக்குது. வளைவுல பயந்துட்டேன். சும்மா நிறுத்தி வச்சிருந்தாலும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு நெலையில நிக்கல."

காதுக்காரர் தலையாட்டினார். டூ ஸ்ட்ரோக்கில் இது நாள்பட்ட புகார். போக வேண்டிய பெட்ரோல் போகாமல், போகக்கூடாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம். காற்று எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் முழு வேகத்தில் பிஸ்டன் இறுகிப் பிடித்து, ஓட்டுகிறவரைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் இந்தப் புகாரை அவர் ஒருநாளும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

பிளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்திருக்க வேண்டும். "காத்து இழுக்குது" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பி, தானாக ஓடவிட்டு, கார்புரேட்டர் சுத்தம் செய்கிற ஸ்ப்ரேயை எடுத்து ஒவ்வொரு மூட்டாக மெல்லப் பீய்ச்சினார். சிலிண்டர் அடிப்பாகம், ஒன்றும் இல்லை. இடது பக்கம், ஒன்றும் இல்லை. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் பட்டதும் இன்ஜின் இருமி, சத்தம் மாறியது.

"மாட்டுச்சு" என்றார்.

ரப்பரைக் கழற்றி வளைத்துக் காட்டினார். வெளியே பார்த்தால் நல்ல பிள்ளை. வளைத்தால் அடியில் நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு. புது ரப்பர் போட்டு, கவ்வியை இறுக்கி, காற்றின் அளவைக் கட்டுப்படுத்துகிற ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்தார். வேலை முடிந்தது. வேறு எந்தக் கதையிலும் இங்கே வண்டி வீட்டுக்குப் போயிருக்கும்.

கடைசியாக ஒரு முறை ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார்.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

3

இங்கே எனக்கு அவர் மேல் ஒரு சந்தேகம் வந்தது, கதாபாத்திரமாக. இவ்வளவு கைதேர்ந்த ஒருவர் அடுத்த பதினோரு நாள் செய்ததை வாசகர் நம்புவாரா? நம்பவைக்க அவருக்கு ஒரு பழைய தோல்வியை, இறந்துபோன ஒரு பந்தயக்காரனை, கண்டுபிடித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் பிடிவாதக்காரர். தன் காதை நம்பிப் பழகியவர். அவ்வளவுதான்.

முதலில் கார்புரேட்டரைப் பிரித்தார். வண்டி சும்மா நின்று ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை ஊசிமுனை போலத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. இருந்தாலும் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். [பொய். கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும். ஸ்ப்ரேயும் காத்தும்தான். நான் என்ன தெருமுனை ஆளா?] மன்னிக்கவும்: ஸ்ப்ரே அடித்து, காற்று விட்டு ஊதினார். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையின் உயரத்தை அளந்தார். சரியாக இருந்தது. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வாசலில் மெல்லிய இதழ்கள் இருக்கும், உள்ளே விடும், திரும்ப விடாது. அந்த இதழ்களில் ஒன்றிலாவது விரிசல் இருக்குமோ என்று நகத்தால் தடவிப் பார்த்தார். இல்லை. பூட்டினார், கிளப்பினார், ஸ்க்ரூ டிரைவரை வைத்தார்.

ஏறியது, இறங்கியது.

ஐந்தாம் நாள், காற்று புகாமல் கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கிற ஸீல் வளையங்களை மாற்றினார். ஏழாம் நாள் சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தக்கையால் அடைத்து, பம்பால் இன்ஜினுக்குள் காற்றை ஏற்றி, அளவுமானியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எங்காவது கசிந்தால் முள் இறங்கும். ஆறு நிமிடம் முள்ளையே பார்த்தார். ஒரு கோடுகூட இறங்கவில்லை. மூட்டுகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு குமிழி வரவில்லை.

கசிவு இல்லை. கருவி அப்படித்தான் சொல்கிறது. காது வேறு மாதிரி சொல்கிறது.

அந்தக் கட்டத்தில் அவர் செய்ததைப் பிறகு என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். சைலன்சரின் வாய்க்கு அருகே உள்ளங்கையைப் பிடித்திருக்கிறார். புகை ஒரே சீராக, தட்டுத் தடுமாறாமல் கையில் மோதியிருக்கிறது. "கை சரின்னு சொல்லுச்சு. கைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

பதினோராம் நாள் இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கி, மேசை மேல் வைத்து, பிஸ்டனைக்கூட மாற்றி, திரும்ப ஏற்றியிருந்தார். மூன்று வண்டிகள் வரிசையில் காத்திருந்தன. அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

4

மறுநாள் காலை வண்டிக்காரன் வந்தான். "அண்ணே, பன்னெண்டு நாளாச்சு. போன் எடுக்க மாட்டேங்கறீங்க" என்றான்.

"இன்னும் அடங்கல."

"எது அடங்கல?"

காதுக்காரர் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். வண்டி பூனைக்குட்டி போல ஓடியது. வண்டிக்காரன் ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டுப் பார்த்தான். சத்தம் டக்கென்று இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அவன் முகம் மலர்ந்தது. "சூப்பரா இருக்கே! இது எப்ப சரியாச்சு?"

"எங்க சரியாச்சு? ஏறி இறங்குதே, கேக்கலையா?"

"எதுவும் ஏறல, எதுவும் இறங்கல. நான் எடுத்துட்டுப் போறேன்."

"விடமாட்டேன். இதை இப்படி வெளிய விட்டா என் பேரு என்னாகும்?"

வார்த்தை வளர்ந்தது. வண்டிக்காரன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான், காதுக்காரர் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் அவன்...

இல்லை. இதற்கு மேல் இந்த இளைஞனை வைத்து என்னால் ஓட்ட முடியாது.

அப்படி ஓர் இளைஞன் இல்லை. வண்டிக்காரி நான்தான். ஐம்பத்தொரு வயது. கதை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, குழந்தைகள் வேலைக்குப் போனபின், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணில் புரள வேண்டும் என்று ஆசை வந்து, இரண்டாம் கையாக அந்த வண்டியை வாங்கினேன். "அண்ணே" என்று கூப்பிட்டது உண்மை. அவர் என்னை "ரைட்டர் மேடம்" என்பார். பன்னிரண்டு நாள் பொறுத்ததும் உண்மை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தபடி, வரிசையில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் பார்க்க, தொண்டை கிழியக் கத்தியதும் நான்தான்:

"வண்டியில ஒண்ணும் இல்ல! கோளாறு உங்க காதுலதான்! போய் முதல்ல அதைக் காட்டுங்க!"

அவர் பின்பக்கத்தைப் பிடித்திருந்த கையை விட்டார். அவருக்கு முகத்தில் அறைந்தது போல ஆகிவிட்டது. அந்த ஷெட்டில் அவரிடம் யாரும் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. உறைத்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எழுதும்போது என்னை ஓர் ஆணாக, இளைஞனாக, முன்கோபியாக மாற்றிக்கொண்டது ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. காதுக்காரரும் அவர் மனைவியும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போயின.

காதுக்காரரின் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறார். தெருவில் எல்லோருக்கும் டிரைவரம்மா. காலை ஷிப்ட் முடிந்து, மதியம் இரண்டு மணிக்குக் காக்கிச் சட்டையோடு வந்தவர், கணவர் மேலே சாப்பிட வராததால் ஷெட்டுக்கே வந்தார். காதுக்காரர் என் வண்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வரலையா?"

"இங்க வா. இதைக் கேளு."

"நான் பஸ் ஓட்டுறவ. உங்க குட்டி வண்டியப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"காது இருக்குல்ல? கேளு."

கிளப்பினார். டிரைவரம்மா குனிந்து கேட்டார். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அவர் வைக்கிற மாதிரியே வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார்.

"ஒரே சீரா இருக்கு."

"ஏறி இறங்கல?"

"இல்ல."

"நல்லாக் கேளும்மா."

"ஏங்க, இருபத்தோரு வருஷமா இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து ஓட்டுறேன். ஏறி இறங்கினா எனக்குக் காதே வேணாம், உக்காந்த எடத்துக்கே தெரிஞ்சிடும்."

காதுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினார். கைப்பிடியை வலது காதில் அழுத்தி, கண்ணை மூடி, இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "இதோ பாரு. ஏறுது. இறங்குது. ஏறுது. இறங்குது." விரலும் கூடவே ஏறி இறங்கியது, பாட்டு வாத்தியார் தாளம் போடுவது போல.

டிரைவரம்மா விரலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கையை நீட்டி, வண்டியின் கைப்பிடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

வண்டி நின்றது. ஷெட்டில் சட்டென்று அமைதி.

அந்த விரல் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை பாதியில் நின்றது. காதுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ஏங்க" என்றார் டிரைவரம்மா. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "வண்டி நின்னு போச்சு."

"தெரியுது."

"அப்ப எதைக் கேக்குறீங்க?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினிலிருந்து எடுத்தார். காதிலிருந்து எடுத்தார். சத்தம் மங்கியது, ஆனால் போகவில்லை. வெறும் விரலால் வலது காதை அடைத்தார். உஷ்ஷ்... உஷ்ஷ்... உஷ்ஷ்... ஏறியது, இறங்கியது. இடது காதை அடைத்தார். ஒன்றும் இல்லை. முப்பது வருடத் தொழிலில் இடது காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்ததே இல்லை என்பது அந்த நொடியில்தான் அவருக்கு நினைவு வந்தது.

"இருங்க" என்றார் டிரைவரம்மா. "ரெண்டு மாசமா, மத்தியானம் படுத்தா மாடி வீட்டு மோட்டார் ஓடுதுன்னு சண்டைக்குப் போனீங்களே..."

"ஆமா."

"அவங்க வீட்டுல மோட்டாரே இல்லைன்னு அந்தம்மா அழுதுச்சே."

இருவரும் ஷெட்டின் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே என்ன இருக்கிறது? ஒரு ட்யூப் லைட். இருந்தாலும் பார்த்தார்கள்.

"மறுபடி விரலைக் காட்டுங்க. கேக்குற மாதிரியே காட்டுங்க" என்று சொல்லி, டிரைவரம்மா கிரீஸ் படிந்த அவருடைய கழுத்தில், தாடைக்குக் கீழே, மூன்று விரலை வைத்தார். அவர் காதை அடைத்துக்கொண்டு இடது விரலை ஆட்டினார். விரல் ஏறும்போதெல்லாம் டிரைவரம்மாவின் விரலுக்கடியில் நாடி துடித்தது. பத்து முறை பார்த்தார். இருபது முறை பார்த்தார். ஒரு முறைகூடப் பிசகவில்லை.

டிரைவரம்மா, சைலன்சர் சூடாக இருக்கிறது என்பதையும் மறந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை பொரிந்துவிட்டது. அது மாலைவரை அவருக்குத் தெரியவே இல்லை.

பன்னிரண்டு நாளாகத் தன் சொந்த ரத்தத்தின் சத்தத்தைக் கேட்டு, ஒரு நல்ல இன்ஜினைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார். காதுக்காரர் அழவில்லை. கல் போல உட்கார்ந்திருந்தார். [அழுதேன். போட்டுக்கோங்க. அவளும் அழுதா.]

6

காது டாக்டர் சின்ன வயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல், வலது காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பின் மேல் வைத்தார். அவருடைய முகம் மாறியது.

"எனக்கும் கேக்குது" என்றார்.

காதுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன டாக்டர் சொல்றீங்க?"

"உள்ள ஓடுற சத்தம் எனக்கும் கேக்குது. நீங்க கற்பனை பண்ணல."

டிரைவரம்மா கையை நீட்டினார், தீய்ந்த உள்ளங்கையில் கட்டோடு. டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தார். டிரைவரம்மா கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்து, காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்.

வெகுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆமாங்க. ஏறி இறங்குது."

(இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் திரும்ப உட்கார முடிந்தது. நான் அங்கே இருக்கவில்லை. இருந்தாலும்.)

ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூளை ரத்தக்குழாய் டாக்டர் ஒருவர், வயதில் மூத்த அம்மா, படத்தைத் திரையில் போட்டு விளக்கினார். காதுக்குப் பின்னால், மூளையை மூடியிருக்கிற உறையில், வேகமாக ரத்தம் வருகிற குழாய் ஒன்று நேரடியாகத் திரும்பிப் போகிற குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய கிளைகள் இல்லை. அதனால் ரத்தம் முண்டியடித்துக்கொண்டு போகிறது. போகிற வழியில் கொஞ்சம் மூளைப் பக்கம் பின்னோக்கியும் பாய்கிறது.

"லீக்கா மேடம்?" என்று கேட்டார் காதுக்காரர். (இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. "மனித உடலும் ஓர் இயந்திரமே" என்ற இரண்டாவது தொடக்கத்தைக் கிழித்துப் போட்டவள் நான்.)

"இப்ப லீக் இல்ல. விட்டா ஆகலாம். ஆனா உங்க வண்டி மாதிரி முன்கூட்டியே காட்டிக்குடுக்காது, திடீர்னு ஆகும். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா நாங்க ஓடி வர்றதுக்குள்ள..."

"எத்தனை நாளா இருக்கும்?"

"நீங்க எப்பலேர்ந்து கேக்குறீங்க?"

காதுக்காரருக்குத் தெரியவில்லை. எந்த வண்டியில் கேட்டது வண்டியின் சத்தம், எந்த வண்டியில் கேட்டது தன் சத்தம் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. மூளை, ரத்தம், ஆபத்து எல்லாவற்றையும் ஒரு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தவர், இந்தக் கேள்விக்கு மட்டும் பேயறைந்தவர் போல ஆனார். வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, நினைவில் இருந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போன் போட்டார். "வண்டியக் கொண்டு வாங்க, வேற ஒரு மெக்கானிக்கை விட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்றேன். நான் தப்பாக் கேட்டிருக்கலாம்." இருபத்து மூன்று பேர். ஒருவருக்கும் விஷயம் புரியவில்லை. "காதுக்காரரே, நீங்களா தப்பாக் கேட்டீங்க?" என்று சிரித்தார்கள்.

இருபத்து நான்காவது போன் எனக்கு.

"ரைட்டர் மேடம், உங்க வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. என் காதுலதான் கோளாறு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா நான் இவளைக் கூப்பிட்டுக் கேட்கவே சொல்லியிருக்க மாட்டேன். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க" என்றார்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினேன். அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7

முடிவுகள்.

முதலாவது: சிகிச்சை முடிந்து, அவர் ஷெட்டுக்கு வந்து, என் வண்டியை ஒரே உதையில் கிளப்பி, கண்ணை மூடிக் கேட்டு, சிரிக்கிறார். இதை எழுதி முடித்துப் படித்தபோது இனிப்பு மருந்து குடித்த மாதிரி இருந்தது.

இரண்டாவது: சிகிச்சையில் அவருக்கு வலது காதே போய்விடுகிறது. பட்டப்பெயர் மட்டும் மிஞ்சுகிறது. இதை எழுதியபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியைப் பார்த்துப் பயந்துபோய் அழித்துவிட்டேன்.

நடந்தது இது. காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். தொடையில் சின்னதாகத் துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே தலைவரை ஏற்றி, அந்தத் தவறான இணைப்பைப் பசை மாதிரி ஒன்றால் அடைப்பார்களாம். நான் போயிருந்தேன். டிரைவரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். காத்திருந்தவர்கள் எல்லோரிடமும் அவர், "இந்த மேடம்தான் முதல்ல சொன்னாங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு முறையும் நாற்காலிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஐந்தாவது ஆளிடம் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் கண்டுபிடிச்சுச் சொல்லல. திட்டினேன். அசிங்கமாத் திட்டினேன்."

டிரைவரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரியும். அன்னைக்கே சொன்னாரு. பன்னெண்டு நாள் வண்டியத் தராம இருந்தா நானும் திட்டியிருப்பேன்" என்றார். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தார். மணி பதினொன்று. பன்னிரண்டு. யாரும் வெளியே வரவில்லை. அவருடைய உள்ளங்கையில் இருந்த தழும்பு சொரசொரவென்று என் கையில் உரசியது.

ஒன்றரைக்கு டாக்டர் அம்மா வந்தார். "அடைச்சாச்சு. நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டார், ஆனா ஏனோ ரொம்பப் பதறுறார். நீங்க வாங்க."

டிரைவரம்மா ஓடினார். நான் கதவுவரை போனேன்.

காதுக்காரர் மல்லாந்து கிடந்தார். கண் அகல விரிந்திருந்தது. ஊசி ஏறியிருந்த வலது கையைத் தூக்கித் தன் கழுத்தில் எங்கெங்கோ தடவிக்கொண்டிருந்தார். நர்ஸ் கையைப் பிடித்து இறக்க, அவர் திரும்பத் திரும்பத் தூக்கினார்.

"என்னங்க? வலிக்குதா?"

"சத்தம் இல்ல" என்றார். "நின்னு போச்சு. கேக்கல. நான்... நான் செத்துட்டேனா?"

அத்தனை நாளாக ஒவ்வொரு துடிப்பையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, திடீரென்று எதுவுமே கேட்கவில்லை. என்ன நினைத்திருப்பார்?

டிரைவரம்மா அழுதுகொண்டே சிரித்தார். அவருடைய கையைப் பிடித்து, விரல்களைச் சரியான இடத்தில், தாடைக்குக் கீழே, கொண்டுபோய் வைத்து அழுத்தினார்.

"இந்தாங்க. ஓடுது. ஒரே சீரா ஓடுது."

8

பிரதியைப் படித்து முடித்ததும் காதுக்காரர் சிவப்புப் பேனாவை மூடினார். என் வண்டி இன்னும் ஷெட் மூலையிலேயே நின்றது. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாலாவது பகுதியில உங்களையே போட்டு அடிச்சிருக்கீங்க" என்றார்.

"உண்மைதானேண்ணே?"

"உண்மைதான். நீங்க திட்டுனது எனக்குத் தெரியாதா? அது மட்டும் நல்லாத்தான் கேட்டுச்சு." சிரித்தார். "திட்டுனீங்க. அதுல பொழைச்சேன். ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணை அழிச்சு ஒண்ணை வைக்காதீங்க."

"முடிவு எப்படிண்ணே வைக்கிறது?"

"வைக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பாக்கணும்னாங்க. சில பேருக்கு அடைச்சது பக்கத்துலயே வேற வழி பண்ணிக்குமாம். சில பேருக்கு அத்தோட சரியாம். எனக்கு எதுன்னு அந்த டாக்டருக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிகிச்சை முடிந்து இன்றோடு நான்கு மாதம் ஆகிறது. அவர் தினமும் மதியம் படுக்கும்போது வலது காதை விரலால் அடைத்துப் பார்க்கிறார் என்று டிரைவரம்மா சொன்னார். கேட்டதா இல்லையா என்று டிரைவரம்மாவும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் ஆசைப்பட்டதைச் சொன்னால் நான் திரும்பவும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா வேண்டாம். பென்சிலில் எழுதுங்கள்.